அஞ்சு குதிரை மோட்டார்

செருப்பை வேம்படியில் விட்டுவிட்டுத்தான்
நானும் கோட்டையனும்
மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்குள் இறங்கினோம்.
ரெஜினா மேடம் கரையிலிருந்து கேட்டார்:
"நீயுமா?"
கல் சுடுது மேடம், என்றேன்.
சுடுகிற கல்லில் எவன் செருப்பைக் கழற்றுவான்
என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

கிராமசபையில் மூன்று மணி நேரம் பேசியிருந்தார்கள்.
நாச்சியின் உடம்பு இந்தத் தண்ணி,
இரும்பு வாய் வைத்து உறிஞ்சினால்
மழை பொய்க்கும், மாடு சினை நிற்காது.
குடத்தில் மொண்டால் குடத்தளவுதான் எடுப்போம்,
குழாய்க்குப் போதும் என்ற சொல் தெரியாது
என்றார் வெள்ளையப்ப அம்பலம்.
கடைசியாகச் சொன்னதில் எனக்கும் மறுப்பில்லை.
இருபது வருஷமாய் டேங்க் ஆப்பரேட்டர் நான்.
நிரம்பி வழிகிற சத்தத்தை
எத்தனை இரவு கேட்டிருக்கிறேன்.

மேடம் ஆய்வுத் தாளை வாசித்தார்:
போர்த் தண்ணியில் உப்பு, ஃப்ளோரைடு.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பல்லைக் காட்டச் சொன்னார்.
மஞ்சள் கோடு.
மூனா ரூனா வீட்டு நாச்சியப்பன்
சென்னையிலிருந்து போன் ஸ்பீக்கரில் வந்தார்.
"மூடநம்பிக்கை" என்றார், மோட்டாருக்குப் பணம் போட்டார்.
அவர் வீட்டு முன்கதவுப் பூட்டில்
குளவி கூடு கட்டி மூன்று வருஷம்.

சுவரில் ஒட்டியிருந்தது வரைபடம்.
பேசிய எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்,
கீழத்தெருவில் போய் முடிகிற நீலக்கோட்டை.
அதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

எட்டுப் படி, செம்புராங்கல்.
எங்கப்பாவுக்கு ஒன்பதாவது, மேலே, மண்தரை.
குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்.
மனம் வந்தவர்கள் ஊற்றுவார்கள்,
மனம் வரும்வரை வெயில் நகரும்.
இது எந்தப் பலகையிலும் எழுதியில்லை.
பலகையில் இருப்பது
'செருப்புடன் இறங்காதீர்' மட்டும்.
அதனால்தான் இன்றைக்கும் அடிமண் தெரிகிற தண்ணி.
இரண்டையும் ஒரே ஆட்கள்தான் காத்தார்கள்.

அய்யனாருக்கு மண்குதிரை ஏழு.
என் கொட்டகைக்கு அஞ்சு,
பச்சைப் பெயின்ட் அடித்த ஒரே பெட்டிக்குள்.
ஓட்டிப் பார்த்த அன்று இரவு அம்பலம் வந்தார்,
தனியாக, டார்ச்சோடு.
எலுமிச்சம்பழம் ஒன்றை மோட்டாரில் கட்டினார்,
சூடம் கொளுத்தினார்,
"கோவிச்சுக்காத தாயி" என்றார்.
எனக்கே கை கூப்ப வந்தது.
பிறகு, சூடம் அணையுமுன், மெதுவாக:
"கீழத்தெரு வால்வை மட்டும்
தனியா மூட முடியுமாப்பா?"

முடியும், என்றேன்.
மூடமாட்டேன் என்று சொல்ல
அன்றைக்கு வாய் வரவில்லை.
அவர் போனபிறகு
வால்வுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு
பைப்பின் மேலேயே தலை வைத்துப் படுத்தேன்.
கொசு. தூக்கமில்லை.

காலை ஆறு மணி.
எங்கள் தெருவில் தண்ணி வந்து
சிமென்ட் மேடையில் கொட்டிக்கொண்டிருக்கிறது.
சுற்றிக் குடங்கள், ஒருத்தியும் வைக்கவில்லை.
எங்காத்தா இருளாயி
ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தாள்.
பிறகு மற்றவர்கள்.
பதினேழு ஜோடி எண்ணினேன்.

எனக்கு வந்த ஆத்திரம்
யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.
"ஆத்தா, இது வெறும் குழாய்!"
"குழாய் ஒன்னுதுடா,
தண்ணி ஒன்னுதா?"

ஒரு கை ஏந்திக் குடித்தாள்.
உப்பிலேயே ஊறிய நாக்கு,
முகம் சுளித்தாள்.
"சப்புன்னு கெடக்கு.
இதுக்காடா ஒங்கப்பன் அந்த நிப்பு நின்னாரு?"

சொல்லிக்கொண்டே
இரண்டாவது குடத்தைத் தள்ளி வைத்தாள்.